விரைந்தான், ஓடினான், பறந்தான்: ஆங்கிலத்தில் எந்த வேகச் சொல்லை எடுப்பது?

"அவன் வேகமாக ஸ்டேஷனுக்குப் போனான்." இந்த ஒரு வரியை ஆங்கிலத்தில் எழுதவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒத்தசொல் அகராதியைத் திறந்தால் ஒரு கூட்டமே எதிரில் வந்து நிற்கும்: ரன், ஹர்ரி, ரஷ், டாஷ், ரேஸ், ஸ்பீட், ஸ்பிரின்ட், ஹேஸன், டார்ட், போல்ட். எல்லாவற்றுக்கும் ஒரே பொருள் என்பதுபோல அடுக்கியிருப்பார்கள். ஏதோ ஒன்றை எடுத்துப் போட்டாலும் இலக்கணம் இடிக்காது. ஆனால் படிப்பவர் மனத்தில் நாம் நினைத்தது ஒன்றும் விரிகிற காட்சி வேறொன்றுமாக ஆகிவிடும்.

ஆங்கிலத்தில் கதை மொழிபெயர்ப்பவர்கள், செய்தி எழுதுபவர்கள், அலுவலகத்தில் தினமும் மெயில் அனுப்புபவர்கள் எல்லோருக்கும் இந்தத் தேர்வு வந்துகொண்டே இருக்கிறது. மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்து இந்தச் சொற்களை வரிசைப்படுத்த முடியாது. விரைவது யார், எதற்காக, எவ்வளவு தூரம், உடலும் வண்டியும் அவர் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்ற கேள்விகள்தான் சொல்லைத் தேர்ந்து கொடுக்கும்.

நமக்கு இது சிரமமாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. தமிழில் முதன்மை வினை பெரும்பாலும் திசையைச் சொல்கிறது: வந்தான், போனான், இறங்கினான், நுழைந்தான். எப்படி என்பதை வினையெச்சமோ இரட்டைக்கிளவியோ பார்த்துக்கொள்ளும்: ஓடி வந்தான், விறுவிறுவென நடந்து போனாள், குடுகுடுவென இறங்கினான். ஆங்கிலம் நேர்மாறு. 'எப்படி' என்பதை வினைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, திசையை இன், அவுட், அப், டவுன் மாதிரியான சிறு சொற்களிடம் விட்டுவிடுகிறது. அமெரிக்க மொழியியலாளர் லெனார்ட் டால்மி உலக மொழிகளை இந்த அடிப்படையில் இரண்டாகப் பிரித்தார். ஸ்பானிஷ், ஜப்பானியம், தமிழ் ஒரு பக்கம். ஆங்கிலமும் சீனமும் மறு பக்கம். அதனால்தான் நம் ஆங்கிலத்தில் சாதாரண வினையும் அதன் பின்னால் 'வெரி ஃபாஸ்ட்'டும் அடிக்கடி வருகின்றன. வினையைச் சரியாக எடுத்துவிட்டால் அந்த வாலே தேவைப்படாது.

ஸ்டேஷன் வரிக்கு வருவோம். உண்மையான போட்டி ஹர்ரிக்கும் ரஷ்ஷுக்கும் இடையில்தான். ஹர்ரி என்றால் நேரம் குறைவு, அது அவருக்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். நடந்தபடியே ஹர்ரி பண்ணலாம். பிள்ளையை ஒரு கையிலும் டிபன் பையை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு பள்ளி வாசலுக்கு எட்டி நடை போடும் அம்மா ஹர்ரி பண்ணுகிறாள். பதற்றம் கொஞ்சம் உண்டு, நிதானம் போய்விடவில்லை. ரஷ் அதற்கு மேல். ஏதோ ஒன்று பின்னாலிருந்து தள்ளுகிறது, கவனம் சிதறுகிறது, ஏதாவது விட்டுப்போகும். அரைகுறையாக முடித்த வேலையை 'ரஷ்ட் ஜாப்' என்பார்கள். யோசிக்க விடாமல் நெருக்குகிறவரிடம் 'டோன்ட் ரஷ் மீ' என்பார்கள். நம் 'அரக்கப்பரக்க' இதற்கு வெகு பக்கத்தில் இருக்கிறது. ஆக, கதையில் அடுத்த வரி 'பர்ஸை மேசைமேல் விட்டுவிட்டான்' என்று வருமானால் ரஷ் சரி. ரயிலைப் பிடித்து உட்கார்ந்துவிட்டான் என்றால் ஹர்ரி போதும்.

ரஷ்ஷுக்கு இன்னொரு பலம், அது அடுத்தவரையும் கொண்டுபோகும். விபத்தில் காயம்பட்டவரை ஆம்புலன்ஸ் மருத்துவமனைக்கு 'ரஷ்' செய்தது என்று எழுதலாம். செய்தித்தாள் ஆங்கிலத்தில் அதுதான் வழக்கம். அதே இடத்தில் ஹர்ரி போட்டால், காயம்பட்டவரை 'சீக்கிரம் நட' என்று விரட்டிய மாதிரி தொனிக்கும்.

நம்மூரில் ரஷ்ஷுக்கு வேறு ஒரு வாழ்க்கையும் இருக்கிறது. "பஸ் ஒரே ரஷ்ஷா இருக்கு" என்றால் கூட்டம் என்று பொருள். தமிழுக்குள் வந்து தமிழாகிவிட்ட சொல், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதையே திருப்பி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் 'தி பஸ் வாஸ் ரஷ்' என்று எழுதினால் ஒருவருக்கும் புரியாது. அங்கே 'கிரவுடட்', 'பேக்ட்' என்றுதான் சொல்லவேண்டும். ஆங்கில ரஷ்ஷில் கூட்டம் எட்டிப்பார்ப்பது 'ரஷ் ஹவர்', 'கோல்ட் ரஷ்' மாதிரி சில தொடர்களில்தான். 1848இல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்த செய்தி பரவி, அடுத்த ஆண்டு ஆயிரக்கணக்கானவர்கள் கப்பலிலும் மாட்டுவண்டியிலும் அங்கே போய்க் குவிந்தார்களே, அந்த ரஷ். அங்கேயும் முதலில் தெரிவது எல்லோரும் ஒரே சமயத்தில் பாய்ந்த பாய்ச்சல். நெரிசல் அப்புறம் வந்தது.

டாஷ் கதையும் இப்படித்தான். ஆங்கிலத்தில் அது குறுகிய, சடாரென்ற ஓட்டம். மழை விட்ட இரண்டு நிமிடத்தில் எதிர்க் கடைக்கு ஓடிப் பால் வாங்கி வருவது டாஷ். பிரிட்டனில் விடைபெறும்போது 'ஐ மஸ்ட் டாஷ்' என்பார்கள். அமெரிக்காவில் 100 மீட்டர் ஓட்டத்தையே டாஷ் என்று அழைப்பதுண்டு. ஸ்டேஷன் தெருமுனையில் இருந்து ரயில் கிளம்பும் நேரமும் நெருங்கிவிட்டால் இதை எடுக்கலாம். இந்தச் சொல்லின் அடியில் மோதுதல், உடைத்தல் என்ற பழைய பொருள் கிடக்கிறது. அலை பாறையில் மோதினாலும் நம்பிக்கை நொறுங்கினாலும் டாஷ்தான். நம்மூர் 'டாஷ் அடிச்சுட்டான்' அந்தப் பழைய பொருளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. லாரி மரத்தில் 'டாஷ்' ஆனது என்று இந்திய ஆங்கிலச் செய்திகளிலும் பார்க்கலாம். உள்ளூரில் எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்தில் மட்டும் 'ஹிட்' அல்லது 'கொலைட்' என்று போடுங்கள். டாஷ் என்று எழுதினால் வண்டி வேகமாகப் போனது என்பதோடு வாசிப்பவர் நின்றுவிடக்கூடும்.

ரேஸுக்கு எதிராளி வேண்டும். ஆளாக இருக்கவேண்டும் என்றில்லை, கடிகாரமே எதிராளியாக இருக்கலாம். தீயணைப்பு வண்டிகள் 'ரேஸ்' செய்கின்றன, மாற்று இதயத்தை எடுத்துக்கொண்டு விமான நிலையத்திலிருந்து வரும் ஆம்புலன்ஸ் 'ரேஸ்' செய்கிறது. ஸ்பீட் வண்டிகளின் சொல். கால்நடையாகப் போகிறவரை 'ஸ்பெட்' என்று எழுதினால் இயல்பாக இருக்காது. அவர் காரிலோ பைக்கிலோ போயிருந்தால் பொருந்தும். அதிலும் 'ஸ்பீடிங்' என்றால் போக்குவரத்துக் குற்றம் என்ற நிறம் வந்துவிடுகிறது. இந்தச் சொல்லின் பழைய பொருள் வேகமே அல்ல, வெற்றியும் நலமும். 'காட்ஸ்பீட்' என்ற வாழ்த்தில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. 1962 பிப்ரவரியில் ஜான் கிளென் பூமியைச் சுற்றக் கிளம்பியபோது, சக விண்வெளி வீரர் ஸ்காட் கார்ப்பென்டர் 'காட்ஸ்பீட், ஜான் கிளென்' என்றார். கடவுள் துணையால் காரியம் கைகூடட்டும் என்பதுதான் அதற்குப் பொருள்.

ஸ்பிரின்ட் முழு மூச்சையும் கொட்டி ஓடுவது, அதனாலேயே குறுகியது. தடகளத்தில் 100, 200, 400 மீட்டர் ஓட்டங்கள் ஸ்பிரின்ட் வகை. 2009இல் பெர்லினில் உசைன் போல்ட் 9.58 விநாடியில் ஓடினாரே, அந்த மாதிரி ஓட்டம். ஸ்டேஷன் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் ஸ்பிரின்ட் போடாதீர்கள், வாசகர் நம்பமாட்டார். ஐ.டி. அலுவலகங்களில் இரண்டு வார வேலைத் துண்டுக்கு இந்தப் பெயர் வைத்ததும் குறுகிய எல்லை என்ற பொருளில்தான். ஹேஸனை எழுதும்போது நடுவில் 'டி' வரும், உச்சரிப்பில் வராது. அது கொஞ்சம் பழைய வாசனை உள்ள சொல். இன்றைய ஆங்கிலத்தில் மனிதர்களைவிட நிகழ்வுகளுக்கே அதிகம் பொருந்துகிறது: போர் ஒரு பேரரசின் முடிவை 'ஹேஸன்' செய்தது என்பது போல. நூறு ஆண்டுக்கு முந்தைய கதையை மொழிபெயர்க்கிறீர்கள் என்றால் எடுத்துக்கொள்ளலாம். அதன் உறவுக்காரச் சொல்லான 'ஹேஸ்டி'யிடம் எச்சரிக்கையாக இருங்கள், அது பெரும்பாலும் பழிச்சொல்தான். ஹேஸ்டி முடிவு என்றால் அவசரப்பட்டு எடுத்த தவறான முடிவு.

வேறு தகவல் எதுவும் இல்லாமல் அந்த ஒரு வரி மட்டும் கையில் இருந்தால் நான் ஹர்ரியைத்தான் எடுப்பேன். அது வாசகர் தலையில் இல்லாத காட்சி எதையும் ஏற்றுவதில்லை.

கட்டுப்பாடு போய்விட்ட வேகத்துக்குத் தனிச் சொற்கள் இருக்கின்றன. பிரேக் பிடிக்காத லாரி மலைச் சரிவில் இறங்குவது 'ஹர்ட்டில்'; பக்கவாட்டில் ஆடி ஆடி, எங்கே முட்டும் என்று தெரியாமல் போவது 'கரியர்'. வேலைவாய்ப்பு கரியருக்கும் இதற்கும் எழுத்துக்கூட்டல் ஒன்றே, இது வினை. திறமையான ஓட்டுநரைப் பாராட்டும் வரியில் இவை இரண்டும் வரவே கூடாது.

கதை மொழிபெயர்ப்பவர்களுக்கு இதைவிடக் கஷ்டமான இடம் இரட்டைக்கிளவி. 'குடுகுடுவென ஓடியது' என்ற தொடருக்கு எதிரில் ஆங்கிலம் மூன்று நான்கு வினைகளை நிறுத்துகிறது. ஸ்கர்ரி எலி, அணில் மாதிரிச் சின்னக் கால்களின் அவசர நடை. ஸ்கட்டில் நண்டு, வண்டு, கரப்பான்பூச்சி ஓடுவது. கொஞ்சம் அருவருப்பு கலந்தது. ஸ்கேம்பர் நாய்க்குட்டியும் குழந்தையும் துள்ளி ஓடுவது. 'குழந்தை குடுகுடுவென வாசலுக்கு ஓடினாள்' என்பதற்கு ஸ்கேம்பர்தான் வேண்டும். ஸ்கட்டில் போட்டால் குழந்தை பூச்சியாகிவிடும். அதே ஸ்கட்டிலை, நிருபர்கள் கேள்வி கேட்டதும் பக்கவாட்டுக் கதவு வழியாக நழுவும் அமைச்சருக்குப் போடலாம், மிகச் சரியாக உட்காரும்.

'சரசரவென மரமேறினான்' என்பது இன்னும் நுட்பமானது. பலர் ஸ்கிராம்பிள் போடுகிறார்கள். ஸ்கிராம்பிளில் கையும் காலும் தடுமாறிப் பிடிமானம் தேடும். அவசரம் உண்டு, லாவகம் கிடையாது. 1940இல் ஜெர்மன் விமானங்கள் வருகின்றன என்று தெரிந்ததும் பிரிட்டிஷ் விமானிகளுக்கு வந்த கட்டளை 'ஸ்கிராம்பிள்' என்பதுதான். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு விமானத்துக்கு ஓடவேண்டும். நம் சரசரவென்பதில் பழகிய உடம்பின் லாவகம் இருக்கிறது. பனையேறி ஒருவரைப் பற்றிய வரி என்றால் 'ஷின் அப்' என்ற தொடரைப் பாருங்கள். காலையும் கையையும் கொண்டு தண்டைப் பற்றி விறுவிறுவென மேலே போவதற்கென்றே உள்ள சொல் அது. தீ 'மளமளவெனப் பரவியது' என்றால் 'ஸ்பிரெட் ரேபிட்லி' சரி. விலை 'கிடுகிடுவென ஏறியது' என்றால் திடீர் ஏற்றத்துக்கு 'ஷூட் அப்', உச்சத்துக்குப் போனதற்கு 'சோர்'.

டார்ட் நேர்கோட்டில் சட்டென்று பாய்ந்து சட்டென்று நிற்பது. எறியும் ஈட்டியின் பெயர்தான் வினையாயிற்று. தட்டான், மீன், பயந்தவரின் கண்கள் இதைச் செய்யும்.

இனி தப்பி ஓடுவது. இதில் சொல் மாறினால் நியாயமே மாறிவிடும். 'ரன் அவே' என்றால் வீட்டில் கோபித்துக்கொண்டு போன பையன், பொறுப்பைத் தட்டிக்கழித்தவன், கோழை என்றெல்லாம் நிழல் விழும். போல்ட் என்பது மிரண்ட குதிரை திடீரெனத் தறிகெட்டு ஓடுவது. வெயில் தாங்காமல் கொத்தமல்லிச் செடி சட்டென்று தண்டு நீட்டிப் பூத்துவிடுவதையும் தோட்டக்காரர்கள் போல்ட் என்றே சொல்வார்கள். நம் 'எடுத்தான் ஓட்டம்' இதற்குப் பக்கம். ஃப்ளீ அப்படியில்லை. அங்கே பின்னால் உண்மையான ஆபத்து இருக்கவேண்டும். வேகம் இருந்தே ஆகவேண்டும் என்றுகூட இல்லை. விமானத்தில் போனாலும், மாதக்கணக்கில் நடந்து போனாலும் ஃப்ளீதான். 1983 ஜூலை வன்முறைக்குப் பிறகு இலங்கையைவிட்டு வெளியேறிய தமிழர்களைப் பற்றி எழுதும்போது 'ஃப்ளெட்' என்றுதான் எழுதவேண்டும். 'ரன் அவே' என்று எழுதினால் வீட்டைக் கொளுத்தியவர்கள் வாக்கியத்திலிருந்து மறைந்துவிடுகிறார்கள், ஓடியவர் மட்டும் நிற்கிறார்.

இதைவிடவும் எனக்கு வலிக்கிற சொல் ஸ்டாம்பீட். மெக்சிகோ ஸ்பானிஷிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ஆங்கிலத்துக்கு வந்த இது, மிரண்ட மாட்டு மந்தை கண்மண் தெரியாமல் ஓடுவதைக் குறிக்கும். கூட்டத்தில் மனிதர்கள் இறக்கும்போதெல்லாம் இந்திய ஆங்கிலச் செய்திகள் இதைத்தான் தலைப்பில் வைக்கின்றன. 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் அரசியல் கூட்டம் ஒன்றில் 41 பேர் இறந்தபோதும் அதே சொல்தான் வந்தது. அப்படிப்பட்ட இடங்களில் பெரும்பாலும் நடப்பது ஓட்டமே அல்ல. சதுர மீட்டருக்கு ஆறேழு பேர் என்று நெருக்கம் கூடிவிட்டால், தான் எந்தப் பக்கம் நகர்வது என்பது யார் கையிலும் இருப்பதில்லை. கூட்டம் தண்ணீரைப்போல அலையடிக்கும். நெஞ்சுக்கூடு விரிய இடமில்லாமல், நின்றபடியே மூச்சுத்திணறி இறப்பவர்கள் உண்டு.

இங்கிலாந்தில் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் 1989 ஏப்ரல் 15 அன்று நடந்த நெரிசலின் பலி 97 பேர். குடித்துவிட்டு வந்த ரசிகர்கள் முண்டியடித்ததுதான் காரணம் என்ற பழி பல ஆண்டுகள் அவர்கள்மீது கிடந்தது. ரசிகர்கள்மீது தவறில்லை, அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று 2016இல்தான் மரண விசாரணை ஜூரி முடிவு சொன்னது. கூட்டப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இப்போது 'கிரவுட் கிரஷ்' என்ற தொடரை வலியுறுத்துகிறார்கள். ஸ்டாம்பீட் என்றால் ஓடியவர்கள் மிதித்தார்கள் என்று ஆகிறது. கிரஷ் என்றால் இத்தனை பேரை இந்த இடத்தில் அடைத்தது யார், வெளியேறும் வழி எங்கே என்ற கேள்விகள் எழும். தமிழ்ச் செய்திகளில் நாம் எழுதிவரும் 'கூட்ட நெரிசல்' ஏற்கெனவே சரியான சொல். அதை ஆங்கிலத்துக்கு மாற்றுகிறவர்கள் தயவுசெய்து மந்தையின் சொல்லை எடுக்காதீர்கள்.

அப்புறம் பெயரடைகள். ஃபாஸ்ட், குவிக் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறோம். போகிற வேகம் என்றால் ஃபாஸ்ட்: கார், ரயில், பந்துவீச்சாளர். எடுத்துக்கொள்ளும் நேரம் குறைவு என்றால் குவிக்: ஒரு குவிக் கேள்வி, குவிக்காக ஒரு காபி. ஃபாஸ்ட் கேள்வி என்று ஒன்று கிடையாது. ஃபாஸ்டின் பழைய பொருள் 'உறுதியாக, அசையாமல்'. 'ஹோல்ட் ஃபாஸ்ட்', 'ஃபாஸ்ட் அஸ்லீப்' ஆகிய தொடர்களில் அது மிச்சமிருக்கிறது. குவிக்கின் பழைய பொருள் 'உயிருள்ள'. பாதரசத்தைக் 'குவிக்சில்வர்' என்றது அது உயிருள்ள வெள்ளிபோல ஓடுவதால். நம் பள்ளிக் கட்டுரைகளில் அடிக்கடி வரும் 'ஃபாஸ்ட்லி' தரமான ஆங்கிலத்தில் இல்லை. ஃபாஸ்ட் அப்படியே வினையடையாகவும் நிற்கும், 'லி' ஒட்டத் தேவையில்லை.

ரேபிட் நிகழ்வுகளுக்கும் மாற்றங்களுக்கும் உரியது: வளர்ச்சி, பரவல், இதயத் துடிப்பு. சதுரங்கத்தில் அது ஒரு பிரிவின் பெயர், ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் 10 நிமிடத்துக்கு மேல் 60 நிமிடத்துக்குள். 10 நிமிடமோ அதற்குக் குறைவோ என்றால் பிளிட்ஸ், ஜெர்மனில் மின்னல். விஸ்வநாதன் ஆனந்த் 2017இல் ரியாத்தில் உலக ரேபிட் பட்டத்தை வென்றார். ஸ்விஃப்ட் எழுத்து ஆங்கிலத்தின் அழகுச் சொல். ஓசையில்லாத, தடையில்லாத வேகம். உழவாரன் குருவிக்கு ஆங்கிலத்தில் இதுதான் பெயர். பேச்சில் யாரும் 'ஸ்விஃப்ட்டா வா' என்று சொல்வதில்லை, ஆனால் 'ஸ்விஃப்ட் ஆக்‌ஷன்' எடுத்த அதிகாரியைப் பாராட்டலாம்.

அலுவலக மெயிலில் அடுத்தவரை வேகப்படுத்துவதுதான் மிச்சம். 'ஹர்ரி அப்' வீட்டுக்குள் பிள்ளைகளுக்குச் சொல்வது, மேலதிகாரிக்கோ வாடிக்கையாளருக்கோ போகக் கூடாது. 'கைண்ட்லி எக்ஸ்பிடைட்' நம் அரசு அலுவலகங்களில் சகஜம், ஆனால் வெளிநாட்டில் இருப்பவருக்குக் கோப்பு நடையாகவும் சற்று விறைப்பாகவும் கேட்கும். 'பிராம்ப்ட்' நன்றி சொல்லும்போதுதான் அழகு: உடனே பதில் அனுப்பியவருக்கு அதைச் சொல்லுங்கள், இன்னும் அனுப்பாதவரிடம் கேட்காதீர்கள். 'ஏஎஸ்ஏபி' (முடிந்தவரை சீக்கிரம்) அனுப்புகிறவருக்கு அவசரம், பெறுகிறவருக்குச் சுமை. ஒரே நாளில் மூன்று வந்தால் எதையும் அவசரமாக எடுத்துக்கொள்ளமாட்டார். 'வியாழக்கிழமை மாலை 4 மணிக்குள் கிடைத்தால் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் வைத்துவிடலாம்' என்ற பொருளில் ஒரே வரி எழுதுங்கள். அதற்கு வேகச் சொல் ஒன்றுகூட வேண்டியதில்லை.